அண்ணாமலையிலிருந்து அலை வரை

கே: காலாண்டு லீவுக்குக் குடும்பத்தோடு கடல் பார்க்க வேண்டும். நமக்குக் கிட்டத்தில் எது? (வாசகர், வேங்கிக்கால்)

ப: புதுச்சேரி. செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் 105 கி.மீ. செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. ‘திரும்பி வரும்போது பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வரும்போது டிரைவரைத் தவிர எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

கே: புதுவைக் கடற்கரையில் மணலைவிடப் பாறாங்கல்தானே அதிகம்? (வாசகி, போளூர்)

ப: 1980-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய தடுப்புச்சுவர், தெற்கிலிருந்து வரும் மணலை மறித்துவிட்டது. கரை அரித்தது, கல்லைக் கொட்டினார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே பிற்பாடு கொஞ்சம் மணலை மீட்டார்கள். மற்றபடி அது நடக்கிற கடற்கரை. மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். நீளம் ஒன்றரை கி.மீ. 14 கி.மீ. கிரிவலம் போகும் ஊர்க்காரர்கள் நாம், ‘அதற்குள் முடிந்துவிட்டதா?’ என்போம்.

கே: நம்ம ஊரிலிருந்து ‘பீச்’சுக்கே நேர் ரயில் இருக்காமே? இறங்கினதும் கால் நனைக்கலாமா தம்பி? (ஒரு பாட்டி, தண்டராம்பட்டு)

ப: 2024 மே முதல் ஓடுகிறது, பாட்டி. ஆனால் சென்னை பீச் ஸ்டேஷனுக்கு எதிரே இருப்பது துறைமுக மதில். அந்த ராஜாஜி சாலைக்கே ஒரு காலத்தில் ‘ஃபர்ஸ்ட் லைன் பீச்’ என்றுதான் பெயர். துறைமுகம் வந்து கடலைத் தள்ளிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. பறக்கும் ரயிலுக்கு மாறி திருவல்லிக்கேணியில் இறங்குங்கள். மாற்றுப் புடவை ஒன்று இருக்கட்டும்.

கே: புரட்டாசியில் கடற்கரைக்குப் போய் மீன் சாப்பிடாமல் வருவதா? (வாசகர், ஆரணி)

ப: மீன்களுக்கு ஆண்டில் இரண்டு லீவு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் அரசாங்கம் கொடுப்பது. புரட்டாசியில் உங்கள் வீட்டம்மா கொடுப்பது. முதலாவதையாவது மீறிப் பார்க்கலாம்.

கே: இலையுதிர் காலம் நம்ம ஊரில் எப்போது, சார்? (மாணவி, செங்கம்)

ப: நம்மூரில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். ஐப்பசி, கார்த்திகைக்குத் தமிழ்ப் பெயர் கூதிர். அப்போது உதிர்வது வானம்.

கே: கிணற்றில் நீந்திப் பழகியவன் நான். ஐப்பசிக் கடலில் இறங்கலாமா? (வாசகர், கலசபாக்கம்)

ப: கிணறு உங்களை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகாது. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும். அலை உடையாமல் சாதுவாகத் தெரிகிற இடத்தில்தான் பெரும்பாலும் இழுவை இருக்கும். சிக்கினால் கரையைப் பார்த்து மல்லுக்கட்டாமல், கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். ஐப்பசியில் அதற்கும் வேலை வைக்க வேண்டாம். சுண்டல் வாங்கிக்கொண்டு கரையில் உட்காருங்கள்.

கே: ஊரிலேயே இருந்துவிட்டால் புயல் பயம் இல்லையே? (வாசகி, திருவண்ணாமலை)

ப: அப்படித்தான் நாமும் நினைத்திருந்தோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாளே நம் மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் 7 பேர் போய்விட்டார்கள். எச்சரிக்கை வந்தால் கடலுக்குக் கிளம்பாதீர்கள். வீடு மலையடிவாரத்தில் என்றால், அங்கேயும் இருக்காதீர்கள்.