கூரைக்குள் ஆரோ நடக்கினம்

முதல் அழைப்பு இரவு ஒன்றே முக்காலுக்கு வந்தது. "தம்பி, கூரைக்குள்ள ஆரோ நடக்கினம்" என்றார் ஓர் அம்மா, கிசுகிசுத்த குரலில். நடக்கிறவர்களை அவர் மரியாதையோடு பன்மையில் குறிப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று கிழமையாம். மகன் பொலிசைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறான், மாமியார் ஐயரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். மாமியார் வென்றார். ஐயர் வந்து தீர்த்தம் தெளித்து, வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டி, 151 டொலர் தட்சணையோடு போயிருக்கிறார். அன்றிரவு மேலே நடந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள்.

விடிந்ததும் போய் ஏணி வைத்துப் பார்த்தேன். கூரையும் அதன் கீழ்ப்பலகையும் சந்திக்கிற மூலை பிய்ந்து கிடந்தது. விளிம்பில் கரும்பழுப்பு மயிர், சுவரில் சேற்றுக் கால்தடம், ஐந்து விரலும் தெளிவாக, சின்னப் பிள்ளை கை வைத்த மாதிரி. கீழே இறங்கி, "பேயில்லை அம்மா, ரக்கூன்" என்றேன். அவருடைய முகம் விழுந்துவிட்டது. பேய் என்றால் ஊருக்கு எடுத்துச் சொல்ல ஒரு கதை மிஞ்சியிருக்கும். 400 டொலர் என்றேன்.

"ஐயரே நூற்றைம்பத்தொண்டுக்குச் செய்தவர்."

"ஓம், ஆனா அது போகேல்லையே அம்மா."

"அது அவற்றை பிழையில்லை தம்பி. அவர் பேய்க்குத்தானே செய்தவர்."

350க்கு இறங்கினேன். ஸ்காபரோவில் தொல்லை விலங்கு அகற்றும் தொழிலின் முதல் வருமானம் அதுதான்.

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வந்தவனில்லை. வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டு, வீட்டில் குந்தியிருந்த காலத்தில் எங்கள் சொந்த அட்டிக்குக்குள் ஒரு ரக்கூன் குடும்பம் வந்து சேர்ந்தது. அதை வெளியேற்ற வந்த ஒரு கம்பனிக்காரப் பெடியன் இரண்டு மணித்தியாலம் வேலை செய்தான். அதில் அரை மணித்தியாலம் தொலைபேசியில் கதைத்தான். பிறகு 900 டொலருக்கு ஒரு பில்லை நீட்டினான். போதிமரத்தடியில் இருந்தவருக்குக் கூட அவ்வளவு சீக்கிரம் ஞானம் பிறந்திருக்காது.

பழைய வான் ஒன்று வாங்கினேன். 28 அடி ஏணி, தலையில் கட்டும் விளக்கு, முழங்கை வரை நீளும் கையுறை. இதெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு இன்சூரன்ஸ். முகவர் கேள்விக்கொத்தோடு வந்தார். கூரையில் ஏறுவீர்களா? ஓம். மிருகத்தைத் தொடுவீர்களா? ஓம். மற்றவர்களின் வீட்டில் ஓட்டை போடுவீர்களா? சில வேளை. ஒவ்வொரு ஓமுக்கும் தொகை ஒரு படி ஏறியது. உயிரோடு இறங்குவீர்களா என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

அடுத்தது ஊசி. 2015 டிசெம்பரில் ஹமில்டன் பக்கம் ரக்கூன்களிடம் விசர்நோய் மறுபடி தலைகாட்டியிருந்தது. இந்த வேலை செய்கிறவன் முற்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மனைவியிடம் வந்து சொன்னேன். "விசர் பிடிச்சபடியால்தானே இந்த வேலைக்குப் போறீங்கள். இனி ஊசி போட்டு என்ன?" என்றார்.

விளம்பரத்தை இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் போட்டேன். அந்தப் பக்கங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், வீடு விற்பவர், மோர்கேஜ் எடுத்துத் தருபவர், பல்வைத்தியர், வழக்கறிஞர் எல்லாரும் கோட் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார்கள். முகம் இல்லாத விளம்பரத்தை எங்கள் சனம் நம்பாது. நானும் கல்யாணக் கோட்டைப் போட்டுப் படம் எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு ரக்கூன் படம். பக்கம் அமைத்தவர் எழுத்தை ஒரு கரையாக ஒதுக்கியதில், "இந்தத் தொல்லை உங்கள் வீட்டுக்குள்ளும் வரலாம்!" என்ற வரி சரியாக என் முகத்துக்குக் கீழே போய் நின்றது. ரக்கூனுக்குக் கீழே என் பெயரும் இலக்கமும். அந்தக் கிழமை பதினொரு பேர் அழைத்தார்கள். ஏழு பேர் விளம்பரத்தைப் பற்றிக் கதைக்கத்தான்.

ரொறன்ரோவில் ரக்கூனைப் பற்றிக் கதைக்கும்போது கவனமாக இருக்க வேண்டும். நகரம் அதோடு சண்டை பிடிக்கிற கையாலேயே அதைத் தடவியும் விடும். 2015 யூலையில் யங் வீதி நடைபாதையில் ஒரு ரக்கூன் செத்துக் கிடந்தது. மாநகராட்சி வந்து எடுக்க நாள் முழுக்கச் சென்றது. அதற்குள் சனம் பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, சட்டம் போட்ட படமும் வைத்து, கொன்ராட் என்று பெயரும் சூட்டிவிட்டது. எங்கள் சங்கத் தலைவருடைய செத்தவீட்டுக்கு அவ்வளவு மெழுகுதிரி இல்லை. அதே ஆண்டில்தான் ரக்கூன் திறக்க முடியாத பச்சைக் கழிவுத்தொட்டிகளுக்காக 31 மில்லியன் டொலர் ஒப்பந்தத்துக்கும் நகரசபை சம்மதித்தது. சுழற்றித் திறக்கிற பூட்டு. ரக்கூனுக்கு எங்களைப் போல எதிர்ப்பக்கம் மடங்கும் பெருவிரல் கிடையாது, அந்த நம்பிக்கையில் செய்தது. 2016இல் தொட்டிகள் வீடு வீடாக வந்தன. இரண்டு வருடத்தில் ஒரு பத்திரிகையாளர் வீட்டுப் பின்பக்கம் ஒரு தாய் ரக்கூன் தொட்டியைச் சரித்துப் போட்டுப் பூட்டைத் திருப்பித் திறந்தது கமெராவில் விழுந்தது. பெருவிரல் இல்லாமலே. என்னுடைய மைத்துனர் இன்னமும் அந்தத் தொட்டியைத் திறக்க மனைவியைக் கூப்பிடுவார்.

எங்கள் வீட்டுத் தொட்டிகளுக்கு அதனிடம் தனி மதிப்பு உண்டு என்பது என் அனுபவம். கணவாய்த் தலை, இறால் கோது, திருக்கைக் குழம்பின் அடி. ஸ்காபரோவில் சனிக்கிழமை சமையலுக்கு முதலில் மணம் பிடிப்பது கூரையில் இருப்பவர்கள்தான். பின்வளவில் நட்ட பாவற்காயை மட்டும் ஒரு ரக்கூனும் தொட்டதை நான் காணவில்லை. இந்த விஷயத்தில் அதுவும் என் பிள்ளைகளும் ஒரு கட்சி.

இனித் தொழில் இரகசியம். விலங்கு பிடிப்பதில் காசில்லை. ஓட்டை அடைப்பதில்தான் காசு. ரக்கூனுக்கு நாலு அங்குல ஓட்டை கிடைத்தால் போதும், மிச்சத்தை அதுவே பெருப்பித்துக்கொள்ளும். அது போய்வரும் வாசலில் ஒருவழிக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டு வருவோம். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், வெளியேயிருந்து இழுத்தால் திறக்காது. இரவு சாப்பாட்டுக்கு இறங்கும், திரும்பி வந்தால் வீடு இல்லை. பிறகு அந்த மூலை, காற்றோட்டக் குழாய், புகைபோக்கி என்று எல்லாத் துவாரத்துக்கும் நாகம் பூசிய கம்பி வலை அடித்து ஆணி இறுக்குவது. பில்லில் பாதிக்கு மேல் அந்த வலைதான். வாடிக்கையாளர் மட்டும் கூண்டுக்குள் ஒரு மிருகத்தைக் கண்ணால் காண வேண்டும் என்பார். கூண்டில்லாமல் காசு கொடுத்தால் அவருக்கு மனம் ஆறாது.

பிடித்தாலும் தூரம் கொண்டுபோக முடியாது. ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள விதி இது: பிடித்த விலங்கை 24 மணித்தியாலத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட்டுவிட வேண்டும். நோய் இடம் மாறிப் பரவக்கூடாது, தெரியாத காட்டில் அதுவும் தவிக்கக்கூடாது. இதை ஒரு அண்ணைக்கு விளக்க நான் பட்ட பாடு.

"ஒரு கிலோமீற்றரோ? அது எனக்கு முதல் வீட்டுக்கு வந்திடுமே. மொன்றியலிலை கொண்டுபோய் விடும், பெற்றோல் காசு நான் தாறன்."

"சட்டம் விடாது அண்ணை. பழகின இடத்தை விட்டுக் கனதூரம் கொண்டுபோனா அது தாங்காதாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னைப் பதின்மூவாயிரம் கிலோமீற்றர் கொண்டுவந்து விட்டவை. அப்ப ஒருத்தனும் இந்தச் சட்டம் கதைக்கேல்லை."

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு 50 டொலர் குறைத்துக்கொண்டேன்.

நாற்றம் பீச்சியடிக்கிற ஸ்கங்க் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். முன்படிக்குக் கீழே இருந்தது. அது முன்காலை நிலத்தில் தட்டி எச்சரித்தது, நான் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். மனைவி என்னை வீட்டுக்குள் விடவில்லை. யாரோ தக்காளிச் சாற்றில் குளித்தால் போகும் என்று சொல்ல, கராஜில் நிற்கவைத்து பன்னிரண்டு ரின் தக்காளியை என் தலையில் ஊற்றினார். அதன் பிறகு ரசத்துக்குள் விழுந்த மரநாய் மாதிரி மணந்தேன். சரியான மருந்து வேறு. போல் கிரேபோம் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1993இலேயே சொல்லிவிட்டார்: 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லீற்றர் அளவு, கால் கோப்பை பேக்கிங் சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப். நாற்றத்தைத் தருகிற கந்தகச் சேர்மங்களை அது உருமாற்றிவிடும். கலந்த உடனே பாவிக்க வேண்டும். போத்தலில் அடைத்து வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். அன்றிலிருந்து அந்த மூன்றும் வானில் எப்போதும் இருக்கும், பிள்ளையார் படத்துக்குக் கீழே.

கல்யாண வீடுகளில்தான் சங்கடம். "மருமகன் என்ன செய்யிறார்?" என்று கேட்டால் மாமியார் முதல் வருடம் "சொந்த பிஸ்னஸ்" என்றார். இரண்டாம் வருடம் "சூழல் சம்பந்தமா" என்றார். மூன்றாம் வருடம் நான் கேட்டுக்கொண்டிருக்கவே "மிருக வைத்தியர் மாதிரி" என்று உயர்த்திவிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் என்னைக் கண்டால் புன்சிரிப்போடு விலகுவார்கள். அடுத்த நாள் காலை அவர்களில் ஒருவர் மெதுவான குரலில் அழைப்பார். "தம்பி, ஒருத்தருக்கும் சொல்லாதையும். எங்கடை சீலிங்கிலை ஒரு ஈரம், ஒரு மணம். வானை வீட்டுக்கு முன்னாலை விடாமல் கொஞ்சம் தள்ளி விடும்." என் வானின் பக்கவாட்டில் ஆளுயர ரக்கூன் படம் இருக்கிறது. எங்கே தள்ளி விட்டாலும் தெருவுக்கே தெரியும்.

வருமானம் சித்திரைப் புத்தாண்டோடு தொடங்கும். சித்திரை, வைகாசியில் ரக்கூன் குட்டி போடும், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து. அந்தக் காலத்தில் ஒருவழிக் கதவு மட்டும் பூட்டினால் தாய் வெளியே, குட்டிகள் உள்ளே. தாய் கூரையையே உரித்துவிடும். ஆகவே அட்டிக்குக்குள் தவழ்ந்து போய்க் குட்டிகளைக் கையால் எடுத்து, சூடாக வைத்திருக்கும் பெட்டியில் போட்டு, கூரையில் வாசலுக்குப் பக்கத்தில் வைப்போம். தாய்க்கு எப்போதும் இரண்டு மூன்று மாற்று இடம் தெரியும். இரவில் வந்து ஒவ்வொன்றாய்ப் பிடரியில் கவ்விக்கொண்டு போய்விடும். மார்கழியில் எனக்கு வேலை இல்லை. பனி வழிக்கிறேன்.

ஒரு வைகாசியில் எண்பது வயது ஆச்சி ஒருவர் வீடு. பிள்ளைகள் மார்க்கம், மிசிசாகா என்று பிரிந்து போய்விட்டார்கள். மகன் காசு அனுப்பிவிட்டான், 450 டொலர். நான் மேலிருந்து நாலு குட்டிகளை இறக்கினேன். கண் திறந்து கொஞ்ச நாள்தான், கருப்பு முகமூடி மட்டும் முழுசாக இருந்தது. ஆச்சி தன் கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து பெட்டிக்குள் விரித்தார். "பிள்ளைக்காரியை எழுப்பி அனுப்பிறது பாவமடா தம்பி" என்றார். விதிப்படிதான் ஆச்சி, தூரம் போகாது என்றேன். இரவு முழுக்க யன்னலடியில் கதிரை போட்டு இருந்திருக்கிறார். விடிய எனக்கு அழைத்து, நாலையும் கொண்டுபோனதை மணி வாரியாகச் சொன்னார். கடைசிக் குட்டி நாலேகாலுக்கு. சால்வையும் போய்விட்டதாம்.

வலை அடித்து, எல்லா மூலையையும் இறுக்கி, இரண்டு வருட உத்தரவாதச் சீட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மாசியில், பனி கொட்டுகிற ஒரு பின்னேரம், அவருடைய இலக்கம் திரையில் விழுந்தது. உத்தரவாதம் நெஞ்சில் இடித்தது. வலை பிய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"என்ன ஆச்சி, திரும்ப வந்திட்டினமோ?"

"இல்லையடா. அதுதான் கேக்கிறன்" என்றார். "பூட்டினதுக்கு நானூற்றைம்பது எண்டால், திறந்துவிட எவ்வளவு எடுப்பாய்?"