சார்ட் எப்போ போடுவான்?

பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைத்தால் உறவுக்காரர்களிடம் சொல்லிவிடலாம். கிடைக்காவிட்டாலும் சொல்லிவிடலாம்; அவர்களாகவே ஆறுதல் சொல்லி, பக்கத்து வீட்டுப் பையன் ரஷ்யாவில் படிப்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். ஒரு கல்லூரியில் சீட் கிடைத்து, அதை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு சில கல்லூரிகளின் காத்திருப்புப் பட்டியலிலும் தொடர்வதைத்தான் எந்த உறவுக்காரருக்கும் விளக்க முடியாது. போன வருஷம் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை நியூஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு நான் செய்த வேலை அதுதான்.

முதலில் கேட்டவர் மதுரையில் இருக்கும் பெரியப்பா. தெற்கு ரயில்வேயில் டி.டி.இ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். வெயிட்டிங் லிஸ்ட் என்றதும் போனில் அவர் குரலே நிமிர்ந்துவிட்டது.

“நம்பர் எத்தனை?”

“நம்பரெல்லாம் சொல்ல மாட்டாங்க பெரியப்பா.”

“ஜெனரலா, பூல்டு கோட்டாவா?”

“அப்படிப் பிரிவு எதுவும் இல்ல.”

“சரி, சார்ட் எப்போ போடுவான்?”

“சார்ட்டே கிடையாது. காலேஜ் தொடங்குற அன்னிக்குக் காலையில வரைக்கும் கூப்பிடலாம். கூப்பிடாமலும் போகலாம்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “நம்பர் இல்லேன்னா அது என்னடா வெயிட்டிங் லிஸ்ட்டு? பிளாட்ஃபாரத்துல சும்மா நிக்கிறதுக்குப் பேரா அது?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. சில கல்லூரிகள் பட்டியலில் இருப்பவர்களை வரிசைப்படுத்துகின்றன. சில, மேல்தட்டு கீழ்த்தட்டு என்று பிரித்து வைக்கின்றன. சில, ஓர் இடம் காலியானதும் போனவர் எப்படிப்பட்டவரோ அப்படிப்பட்ட ஒருவரைத் தேடுகின்றன. எந்தக் கல்லூரி எந்த ரகம் என்பது பெரும்பாலும் அந்தக் கல்லூரிக்கு மட்டுமே வெளிச்சம். எம்.டி. படிப்புக்கு (இங்கே எம்.பி.பி.எஸ். இல்லை, மருத்துவத்தில் முதல் பட்டமே எம்.டி.தான், ஊரில் சொல்லிக்கொள்ள இது ஒரு வசதி) ஆண்டுதோறும் 50 ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்து ஏறத்தாழ 23 ஆயிரம் பேர் சேர்கிறார்கள். ஆளுக்குப் பதினைந்து, இருபது கல்லூரிக்குப் போடுவார்கள். ஆகவே வசந்த காலத்தில் பாதி அமெரிக்கா மீதி அமெரிக்காவின் பட்டியலில் இருக்கும்.

இதற்கென்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடைமுறை வகுத்திருக்கிறது. ஏப்ரல் 15 வந்தால் கையில் மூன்று இடங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. ஏப்ரல் 30-க்குள் ஒன்றே ஒன்றாகக் குறைத்துவிட வேண்டும். அந்த ஒன்றுக்கு ‘பிளான் டு என்ரோல்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு மற்ற பட்டியல்களில் தாராளமாகத் தொடரலாம். ‘கமிட் டு என்ரோல்’ என்று இன்னொரு பொத்தான் உண்டு. அதை அழுத்துகிறவர் எல்லாப் பட்டியலிலிருந்தும் விலகிவிட வேண்டும். திருட்டுத்தனம் எதுவும் இல்லை, எல்லாம் சட்டப்படி. ஆனாலும் சீட் கிடைத்திருந்த ஓஹாயோவிலிருந்து ‘எங்கள் குடும்பத்துக்கு வருக’ என்று கல்லூரி டீ-ஷர்ட் அனுப்பிவைத்தபோது, அதைப் போட்டுக்கொண்டு படம் எடுக்க என் மகள் கூச்சப்பட்டாள். நான்கு மாதமும் அது பாலித்தீன் உறையிலேயே இருந்தது.

அப்புறம் முன்பணம். இடத்தைப் பிடித்து வைக்க 100 டாலருக்கு மேல் வாங்க வேண்டாம், ஏப்ரல் 30-க்குள் விலகினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சங்கத்தின் சிபாரிசு. சென்னையில் மகனுக்காக நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வாசல்களை எல்லாம் பார்த்து வந்த அத்தை மகளிடம் இதைச் சொன்னேன்.

“நூறுன்னா, நூறு லட்சமா?”

“இல்ல, வெறும் நூறு டாலர்.”

“அப்ப அது நல்ல காலேஜா இருக்காதே மாமா.”

வருஷக் கட்டணம் 60 ஆயிரம் டாலரைத் தாண்டும் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு அந்தக் கல்லூரியின் மேல் மரியாதை வந்தது.

நாங்கள் எண்ணால் வளர்க்கப்பட்ட கூட்டம். நீட்டுக்கு முன்பு தமிழ்நாட்டில் மெடிக்கல் கட்-ஆஃப் 200-க்கு. உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. கால் மார்க்கில் சென்னை எம்.எம்.சி. கைநழுவி வேறு ஊர் ஆன கதை தெருவுக்கு ஒன்று இருந்தது. இரண்டு பேர் எல்லாவற்றிலும் சமமாக வந்து நின்றால் ரேண்டம் எண் என்று ஒன்றைப் பார்ப்பார்கள். அதாவது, எங்கள் ஊரில் அதிர்ஷ்டத்துக்கே பல இலக்கத்தில் எண் கொடுத்து வெளியிட்டிருந்தார்கள். தோற்றவன் அந்த எண்ணை ஆயுள் முழுக்கத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பான். இன்றைய நீட் கவுன்சலிங்கிலும் இருக்கிற சீட்டை வைத்துக்கொண்டே அடுத்த சுற்றில் மேலே போகலாம். ஆனால் ரேங்க் இருக்கிறது. சுற்று முடியும் தேதி இருக்கிறது. மேலே இடம் கிடைத்தால் பழைய இடம் தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

இங்கே கெஞ்சலாம். அதற்கென்றே ஒரு கடித வகை இருக்கிறது. ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’: நீங்கள் இடம் கொடுத்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு வருவேன் என்ற வாக்குறுதி. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் அதை அனுப்பலாம் என்பது எழுதப்படாத தர்மம். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் கல்லூரிக்கு எழுத மகள் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த கடிதங்கள் இரண்டே வகை. தலைமையாசிரியருக்கு வயிற்றுவலி விடுப்புக் கடிதம், கலெக்டருக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு மனு. இரண்டிலும் ‘தாழ்மையுடன்’ வரும். அதை ஆங்கிலமாக்கிச் சொன்னேன். மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்பா, ப்ளீஸ், காபி போடுங்களேன்” என்றாள்.

கடைசியில் கடிதத்தில் அந்தக் கல்லூரியின் இலவச மருத்துவமனை, அவளுடைய ஆராய்ச்சி, பாட்டியின் சர்க்கரை நோய் எல்லாம் அளவாக வந்திருந்தன. பாட்டி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிஜக் காரணமும், சாம்பார் சாதம் என்ற அதைவிட நிஜமான காரணமும் வரவில்லை. இன்னொரு கல்லூரி எந்தக் கடிதமும் அனுப்பாதீர்கள், அனுப்பினால் படிக்க மாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தது. எனக்கு அந்தக் கல்லூரியைத்தான் பிடித்தது.

மனைவி வேறு வழியில் முயன்றாள். சனிக்கிழமைதோறும் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோவில். ஒருநாள் பிரசாத வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற தமிழ்க்கார அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால், அவர் பையனும் காத்திருக்கிறானாம். எங்கே என்று கேட்டோம். ஓஹாயோவில் எங்கள் மகள் பிடித்து வைத்திருக்கிற அதே கல்லூரி. “யாராவது ஒருத்தர் விட்டாப் போதும், நகர்ந்துடும்” என்றார். மனைவி புளியோதரையைப் பார்த்தபடியே தலையாட்டினாள். நாங்கள் நகர்ந்தால் அவர்கள் நகர்வார்கள். நாங்கள் நகர எங்களுக்கு மேலே யாரோ நகர வேண்டும். அந்த யாரோவின் அம்மா எந்தக் கோவிலில் நிற்கிறாளோ. பெருமாள் எல்லார் மனுவையும் வாங்கி வைத்துக்கொண்டார், நம்பர் மட்டும் கொடுக்கவில்லை.

மே மாதத்திலிருந்து வீட்டில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கல்லூரி அலுவலகம் எந்த எண்ணிலிருந்து கூப்பிடும் என்று யாருக்குத் தெரியும்? அதுவரை அமெரிக்காவில் எல்லாரையும் போல நாங்களும் அத்தகைய அழைப்புகளை மதித்ததில்லை. இப்போது கார் வாரண்டி விற்கிறவர்களிடம்கூட, “யெஸ், சார்” என்று எழுந்து நின்று பேசினோம். நாங்கள் முழுசாகக் கேட்டு முடித்ததில் ஒருவருக்குக் கொஞ்சம் பயமே வந்துவிட்டது.

வாடகை வீடு அடுத்த சிக்கல். ஓஹாயோவில் ஜூனுக்குள் ஒப்பந்தம் போடாவிட்டால் நல்ல வீடு போய்விடும். போட்டுவிட்டு இங்கே கூப்பிட்டால் பணம் போய்விடும். மனைவி தெளிவாக இருந்தாள். “போடுங்க. பணம் திரும்பாத மாதிரியே போடுங்க. மெத்தையும் வாங்கிடுங்க. நம்ம ராசிக்கு மறுநாளே கூப்பிடுவாங்க.” போட்டோம். வாங்கினோம். யாரும் கூப்பிடவில்லை. மெத்தை பிரமாதமான மெத்தை.

ஜூலையில், வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது, ஓஹாயோக் கல்லூரி வைத்த கெடு வந்தது. மகள் இரண்டாவது பொத்தானை அழுத்தினாள். மற்ற பட்டியல்களிலிருந்து தானே விலகி மெயில் அனுப்பினாள். டீ-ஷர்ட்டை உறையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். அளவு கொஞ்சம் பெரிது.

அன்று ராத்திரியே பெரியப்பாவுக்குச் சொல்லிவிட்டேன்.

“கன்ஃபர்ம் ஆகலயா? பரவாயில்ல, ஓஹாயோவும் நல்ல ஊருதான்” என்றார். பிறகு, “வெயிட்டிங் லிஸ்ட்டுல போட்ட காலேஜுக்கெல்லாம் அப்ளிகேஷனுக்குப் பணம் கட்டுனீங்கள்ல?”

“ஆமா பெரியப்பா, ஒவ்வொண்ணுக்கும் நூறு டாலர் கிட்ட.”

“கிளர்க்கேஜ் பிடிச்சுக்கிட்டு மிச்சம் தானா அக்கவுண்டுக்கு வரணும். வரலேன்னா சும்மா விட்றாதடா. எழுதிப் போடு.”