நாலு கிளைக்கு ஒரு கட்டைவிரல்

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஒரே மிட்டாய்க் கடையாக இருந்தவரை, கல்லாவில் உட்கார்ந்தபடி தலையைத் தூக்கிப் பார்த்தால் அதுவே வருகைப்பதிவு. இப்போது தென்காசி, கோவில்பட்டி, தூத்துக்குடி என்று கிளை விட்டாயிற்று. இனித் தலையைத் தூக்கினால் மின்விசிறிதான் தெரியும். ஆகவே கடைக்கு ஒன்றாக நாலு விரல்ரேகை மெஷின் வாங்கி மாட்டுங்கள்.

அல்வா மாஸ்டரின் விரலை மட்டும் அது ஏற்காது. முப்பது வருடம் நெய்யும் சூடான பாகும் பட்ட கட்டைவிரலில் ரேகை எங்கே மிச்சம்? "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று மெஷின் சொல்லும். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். மறுபடியும் சொல்லும். அதற்குள் அடுப்பில் பாகு முறுகிவிடும். மாதக் கடைசியில் உங்கள் கணக்குப்படி மாஸ்டர் 26 நாளும் ஆப்சென்ட். அல்வா தன்னைத்தானே கிண்டிக்கொண்டிருக்கிறது.

சரி, செல்ஃபி ஆப்புக்கு மாறுங்கள். கடையைச் சுற்றி 100 மீட்டர் வட்டம் போட்டால், அதற்குள் நின்று எடுத்த படம்தான் செல்லும். எதிர்த்த டீக்கடையும் வட்டத்துக்குள் அடக்கம் என்பதைத் தூத்துக்குடிப் பையன்கள் முதல் நாளே கண்டுபிடிப்பார்கள். வட்டத்தைச் சுருக்கிப் பாருங்கள். கான்கிரீட் கூரைக்கடியில் ஜி.பி.எஸ். தடுமாறி, கல்லாவில் நிற்கிற பெண்ணைப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தும்.

ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசிக் கடையில் ஆள் போதாது. கோவில்பட்டிப் பையன் ஒருவனை அனுப்புவீர்கள். இரண்டு மேனேஜரும் அவனுக்கு வருகை போடலாம், இரட்டைச் சம்பளம். இருவருமே போடாமலும் விடலாம், அதுதான் வழக்கம். இதில் சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிற அவனுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது கணக்கில் ஏறாவிட்டால், பிறகு காய்ச்சலில் படுக்கும்போது நோய்க்காலப் பணம் வராது. உங்கள் ரிஜிஸ்டரின் ஓட்டை அவன் பாயில் வந்து தெரியும்.

லீவு விஷயம் சுலபம். 1958-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் 9 நாள் சொல்கிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு ஐந்து பண்டிகை. கோயில் கொடை அந்தப் பட்டியலில் இல்லை என்று நோட்டீஸ் ஒட்டிவிடுங்கள். கொடையில் சாமியாடுகிறவரே உங்கள் காரவகை மாஸ்டர் என்றால், நோட்டீஸை நீங்களே கிழித்துவிடுவது உத்தமம். சுடலைமாடனுக்கு மெமோ கொடுத்தவர் யாரும் இல்லை.

இத்தனையும் ஆன பிறகு, தென்காசிக் கடையைக் காலை ஐந்தரைக்குத் திறப்பது யார் என்று விசாரியுங்கள். கூட்டிப் பெருக்கும் ஆச்சி. சாவி அவள் முந்தானையில். மெஷினிலும் இல்லை, ஆப்பிலும் இல்லை. அவளிடம் இருப்பது பட்டன் போன். என்றைக்காவது அவள் வராமல் போனால், மேனேஜர் முதல் பார்சல் கட்டுகிற பையன் வரை எல்லாரும் மூடிய ஷட்டருக்கு வெளியே நின்று செல்ஃபி எடுத்து அனுப்புவார்கள். வட்டத்துக்குள்தான் நிற்பார்கள்.