ஜீனோவுக்கு இங்கே வேலை இல்லை

1980களில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ எழுதிய சுஜாதா, ஜீனோ என்ற இயந்திர நாய்க்குப் புத்தகம் படிக்கவும் சொந்தமாக யோசிக்கவும் கற்றுக்கொடுத்தார். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். இயந்திரங்களைப் பற்றி அவருக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட் மேனேஜர்களைப் பற்றித்தான் யோசிக்கவில்லை போலும்.

யோசிக்கிற நாயை இங்கே யார் வேலைக்கு எடுப்பார்கள்? “இந்த மீட்டிங் எதற்கு?” என்று ஒருநாள் கேட்டுத் தொலைக்கும். படிக்க வேறு தெரியும். சம்பளச் சீட்டைப் படிக்க எத்தனை நேரமாகும்?

நல்லவேளை, இன்றைய செயற்கை நுண்ணறிவு பண்பானது. எதைக் கேட்டாலும் “அருமையான கேள்வி” என்கிறது. தப்பைச் சுட்டினால் உடனே மன்னிப்பு. அதே தப்பை மறுபடி செய்கிறது, மறுபடி மன்னிப்பு. இருபது வருஷ சர்வீஸ்காரர்களுக்கே கைவராத பக்குவம்.

அதற்குத் தன்னுணர்வு உண்டா என்று தத்துவவாதிகள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். திங்கட்கிழமை காலையில், “எதற்காக வேலை செய்கிறாய்?” என்று கேளுங்கள். அரை நொடியில் மூன்று பத்தி பதில் வரும். ஆவடி லோக்கலில் தொங்கிக்கொண்டு வந்திறங்கியவரிடம் அதையே கேளுங்கள். பேந்தப் பேந்த விழிப்பார்.

ஆக, இயந்திரம் தேறிவிட்டது. மனிதருக்கு ஆறு மாதம் தகுதிகாண் பருவம் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் ‘நான் ரோபோ அல்ல’ கட்டத்தில் அவர் ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில்.