பனியூதி உறுப்பியல்: வலது கை குறித்த ஓர் ஆய்வு

நிலத்தை நான்காகப் பகுத்து, பாலையையும் சேர்த்துத் திணை ஐந்தென்று கண்ட முன்னோர், முழங்கால் ஆழத்துக்கு வெண்பனி விழுந்து வாசலே மறைந்துபோகும் நிலம் ஒன்று உண்டென்று எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் அறிந்த பனி புல் நுனியில் நிற்கும். வெயில் ஏறினால் தானே போய்விடும். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று காலம் குறித்தார்களே தவிர, அதை அள்ளி எங்கே கொட்டுவது என்பதற்கு நூற்பா எழுதி வைக்கவில்லை. கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில், ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வீடு வாங்கிய தமிழர்களுக்கு இந்தக் குறை நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை நன்றாகவே உறைக்கிறது.

ஆறாவதாக ஒரு திணையை நிறுவுவது இவ்வாய்வின் நோக்கமன்று. அந்நிலத்தின் கருப்பொருளாகக் கராஜின் மூலையில் நிற்கும் ஸ்னோ ப்ளோவரை, அதாவது பின்னால் நடந்தபடி ஓட்டும் வகையை, மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உறுப்புகளுள் மிக ஆபத்தானது எது என்ற வினாவுக்கு விடை காண்பதே நோக்கம். விடையை முதலிலேயே போட்டு உடைப்பது ஆய்வு மரபன்று. ஆயினும் வாசகரின் விரல்களை முன்னிட்டு மரபு மீறப்படுகிறது: அவ்வுறுப்பு இயந்திரத்தோடு பெட்டியில் வருவதில்லை. அது உரிமையாளரின் வலது கை. இடக்கைப் பழக்கமுள்ளோர் மாற்றி வாசித்துக்கொள்க.

பெயர் ஆராய்ச்சி இல்லாத தமிழ் ஆய்வு உப்பில்லாப் பண்டம். ‘ப்ளோவர்’ என்பதை ‘ஊதி’ எனப் பெயர்த்துப் ‘பனியூதி’ என்பது ஒரு கட்சி. அது பொருந்தாது, ஏனெனின் இக்கருவி எதையும் ஊதுவதில்லை. சுழற்றி எறிகிறது. தயாரிப்பாளர்கள் பலரும் தங்கள் கையேடுகளில் ‘எறிவது’ என்ற பொருள்படும் பெயரையே போடுகிறார்கள். ஆகவே ‘பனியெறி’ என்பது மறுகட்சி. டொராண்டோத் தமிழர் இரு கட்சியையும் பொருட்படுத்தாமல் ‘ஸ்னோ மெசின்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். இக்கட்டுரை பிழை என்று தெரிந்தே ‘பனியூதி’யைக் கையாளும், காரணம், காதுக்கு அதுதான் இதமாக இருக்கிறது.

வரலாற்றில் முதலில் வருபவர் ஒரு பல் மருத்துவர். டொராண்டோவைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. எலியட் 1869இல், ரயில் பாதையில் குவிந்த பனியைச் சுழலும் சக்கரத்தால் குடைந்து எறியும் கலப்பைக்குக் காப்புரிமை பெற்றார். குடைவதில் தொழிற்பழக்கம் உள்ளவர்க்கே அப்படித் தோன்றும் என்பது இவ்வாய்வின் துணிபு. அவர் அதைச் செய்து ஓட்டிப் பார்க்கவில்லை. பின்னர் ஒன்ராறியோவின் ஆரஞ்ச்வில் ஊரில் ஆரஞ்ச் ஜல் என்பவர் அதைத் திருத்தி, 1880களில் ரயில் பாதைக்குக் கொண்டுவந்தார். வீதிக்கு இறக்கியவர் கியூபெக்கின் ஆர்தர் சிகார். தானியக் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்து இளமையிலேயே இந்த எண்ணம் கொண்ட அவருக்கு, ஓடும் கருவி ஒன்றைச் செய்து முடிக்க 1925 வரை பிடித்தது. 1927இல் மொன்றியலை ஒட்டிய ஊத்ரமோன் நகரம் முதல் வண்டியை வாங்கியது. வீட்டுக்காரர் தாமே பிடித்து நடத்தும் சிறு வடிவத்தை 1950களின் தொடக்கத்தில் டோரோ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்றுதான் வலது கை இவ்வரலாற்றில் அடியெடுத்து வைக்கிறது.

இத்தகைய கருவி வேண்டுமா, ஒரு சவல் போதாதா என்பாரும் உளர். அவர்க்குக் கணக்கால் விடை சொல்லலாம். இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்று கொள்க. அதில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 12 கனமீட்டர். மாவு போன்ற உலர்பனி கனமீட்டருக்கு 100 கிலோ என்றால் மொத்தம் 1,200 கிலோ. ஈரம் கோத்த மார்ச் மாதப் பனி 300 கிலோ என்றால் 3,600 கிலோ. அதாவது காலையில் வேலைக்குப் போகுமுன் குடும்பத்தலைவர் ஒரு யானையைக் கரண்டி கரண்டியாக அள்ளித் தள்ளிவைக்க வேண்டும்.

இதன் விளைவையும் அறிஞர்கள் அளந்திருக்கிறார்கள். கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான குளிர்காலங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2017இல் கனேடிய மருத்துவச் சங்க இதழில் வந்தது. 20 சென்டிமீட்டர் பனி விழுந்த மறுநாள், மாரடைப்போடு மருத்துவமனை சேரும் அபாயம் ஆண்களுக்கு 16 விழுக்காடும், மாரடைப்பால் இறக்கும் அபாயம் 34 விழுக்காடும் கூடுதலாக இருந்தது. பெண்களிடம் இத்தொடர்பு தெளிவாகத் தென்படவில்லை. பனி அள்ளுவதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஐயுற்றார்கள். கட்டுரையின் முதல் ஆசிரியர் நத்தாலி என்பவர். அவருடைய குடும்பப் பெயரும், பனியூதியின் முன்வாயில் சுழலும் திருகுச்சுருளின் ஆங்கிலப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. போலி ஆய்வுகளில் இப்படி ஒரு பெயரைப் புனைந்தால் மிகை என்று அடித்துவிடுவார்கள். மெய்யான ஆய்வில் வந்துவிட்டது, என்ன செய்வது.

இனி உறுப்பியல். பனியூதி இருவகைப்படும். ஒருகட்டு வகையில் ரப்பர் விளிம்புள்ள சுருள் தரையைத் தொட்டுச் சுழன்று, தானே வாரித் தானே எறியும். தாருக்கும் சிமெந்துக்கும் அது போதும். கல் பரப்பிய வாசலில் அதை ஓட்டினால் பனியோடு கல்லும் பறந்து அயல்வீட்டுக் கண்ணாடியைச் சேரும். இருகட்டு வகையில் இரும்புச் சுருள் தரைக்குச் சற்று மேலே நின்று பனியை இருபுறமிருந்தும் நடுவுக்குத் தள்ள, பின்னாலிருக்கும் விசிறிச் சக்கரம் அதை வாங்கி மேல்நோக்கிய குழல் வழியே 10 மீட்டருக்கு அப்பாலும் எறியும். வாயின் இரு ஓரத்திலும் சறுக்குக் கட்டைகள் உண்டு. அவற்றின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து இடைவெளியை அமைக்கலாம். கல் வாசலுக்குக் கூட்ட வேண்டும். கைப்பிடியில் இரண்டு நெம்புகோல்: ஒன்று சக்கரங்களை நடத்தும், மற்றது சுருளைச் சுழற்றும். கையை எடுத்தால் இரண்டும் நிற்கும். கை நழுவினால், கால் வழுக்கினால் இயந்திரம் தானாக அடங்க வேண்டும் என்பதே இதன் கருத்து. அந்த நெம்புகோல்களை நைலான் கயிற்றால் கட்டிவைத்துவிட்டு ஒரு கையில் தேநீர்க் கோப்பையோடு நடப்பவர்கள் உளர். அவர்களை இவ்வாய்வு தனி இயலில் வைக்க எண்ணி, பின் மனம் இரங்கி விட்டுவிட்டது.

குழல் அடைத்துக்கொள்ளும் தருணமே இவ்வாய்வின் நடுவண் காட்சி. ஈரப்பனி பிசைந்த மாவாகக் குழலில் அப்பிக்கொள்கிறது. எறிதல் நின்றுபோகிறது. உரிமையாளர் குனிந்து பார்க்கிறார். பின்னால் தெருவில் யாரோ கத்துவது கேட்கிறது: “அண்ணை, கையை விடாதேங்கோ! மெசினை நிப்பாட்டிப்போட்டுத் தடியாலை கிண்டுங்கோ!” “நிப்பாட்டிப்போட்டன்தானே தம்பி!” என்று பதில் போகிறது. நுட்பம் இங்கேதான் இருக்கிறது. எஞ்சின் நின்றாலும் அடைப்பால் முறுக்கிக்கொண்ட பெல்ட்டிலும் சுருளிலும் விசை தங்கி நிற்கும். அடைப்பை இளக்கியதும் அது விடுபட்டு, விசிறி ஒரு வெட்டு வெட்டிச் சுழலும். அந்த ஒரு வெட்டு போதும். யானை வாய்ப்பட்ட கரும்பு பிறகு கரும்பாக வருவதில்லை.

அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இக்கருவியால் காயம்பட்டு வருகிறார்கள். கை அறுவைச் சிகிச்சையாளர்கள் இக்காயத்துக்கு ஒரு பஞ்சாங்கமே கணித்து வைத்திருக்கிறார்கள். கனத்த ஈரப்பனி, 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வீழ்ச்சி, மைனஸ் 2 பாகையை ஒட்டியோ அதற்கு மேலோ உள்ள வெப்பநிலை ஆகியவை கூடிய நாள் இராகுகாலம். அகப்படுபவர் பெரும்பாலும் நடுவயது ஆண். அகப்படும் கை பெரும்பாலும் பழக்கக் கை. கடுங்குளிரைவிட இளங்குளிர் ஆபத்தானது என்பது புதிதாக வந்தவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். கடுங்குளிரில் பனி மாவாக உதிரும், குழலில் ஒட்டாது.

பரிகாரம் எளிது. எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, எல்லாம் ஓய்ந்ததா என்று பார்த்துவிட்டு, கோலால் குத்த வேண்டும். இப்போது வரும் இயந்திரங்கள் பலவற்றில் இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் கோலை உடம்பிலேயே கிளிப்பில் செருகி அனுப்புகிறார்கள். கள ஆய்வில், அதாவது அயலவர் கராஜ்களை எட்டிப் பார்த்ததில், அக்கோல் பெரும்பாலும் கீறல் விழாமல் கடைப் பொலிவோடு காணப்பட்டது. இது உரிமையாளரின் பராமரிப்புத் திறனைக் காட்டுவதாகக் கொள்ளலாகாது.

அடைப்பே வராமல் தடுப்பது மேல். பலர் எஞ்சினுக்கு இரங்கி வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள்; அது கஞ்சத்தனம். எஞ்சின் முழுவேகத்திலும் நடை மிக மெதுவாகவும் இருக்க வேண்டும். விசிறி தளர்ந்தால் பனி குழலைத் தாண்டாமல் உள்ளேயே தங்கிவிடும். தொடங்குமுன் குழலின் உட்புறத்தில் சிலிக்கோன் தெளிப்பானை அடித்துக்கொள்ளலாம். சிலர் சமையலறையிலிருந்து எண்ணெய்த் தெளிப்பானை எடுத்துவந்து அடிக்கிறார்கள். பனி வழுக்கிப் போகிறது, வீட்டில் தோசை கல்லில் ஒட்டிக்கொள்கிறது. பனி விழத் தொடங்குமுன்பே வாசலில் கிடக்கும் கால்துடைப்பான், பண்டிகை விளக்குக் கம்பி, காலைப் பத்திரிகை ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். நனைந்த பத்திரிகைச் சுருள் அந்தத் திருகுச்சுருளில் சிக்கினால் ஆசிரியர் குழுவே வந்தாலும் பிரிக்க முடியாது.

உடை பற்றி ஒரு குறிப்பு. ஊரிலிருந்து அம்மா பின்னி அனுப்பிய மஃப்ளரைக் கழுத்தில் தொங்கவிட்டு இக்கருவியின் அருகே போகக் கூடாது. நுனி சுருளில் அகப்பட்டால் அது கழுத்தையும் அழைத்துச் செல்லும். அதைக் கழற்றி எஞ்சின் மேல் வைப்பதும் கூடாது. அங்கே இன்னொரு மஃப்ளர் இருக்கிறது. தமிழ்நாட்டார் சைலன்சர் என்பது. ஓடிய பின் நெடுநேரம் தோலைச் சுடும் சூட்டில் இருக்கும். அந்தச் சூடு ஆறாமல் பெட்ரோல் ஊற்றுவதும் கராஜ் கதவை மூடிக்கொண்டு ஸ்டார்ட் செய்வதும் இங்கே நகைச்சுவைக்கு உரியவை அல்ல. கார்பன் மொனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவைத் திறந்து, வண்டியை வெளியே தள்ளிய பிறகே ஸ்டார்ட்.

உறுப்புகளுள் மிகப் பண்பானது ஷியர் பின் என்னும் சிறு ஆணி. சுருளையும் அதன் தண்டையும் இணைப்பது அதுதான். கல்லோ பனிக்கட்டியோ சிக்கினால் தான் முறிந்து, விலை உயர்ந்த கியர்ப்பெட்டியைக் காப்பாற்றும். முறிவதற்கென்றே மென்மையாகச் செய்யப்பட்டது. இதை அறியாத கெட்டிக்காரர், “இது அடிக்கடி உடையுது” என்று சொல்லிக் கடைக்குப் போய் உறுதியான இரும்பு போல்ட் ஒன்றை வாங்கி முடுக்கிவிடுகிறார். அடுத்த கல்லுக்கு ஆணி உடைவதில்லை, கியர்ப்பெட்டி உடைகிறது. இன்னொரு வகைக் கேடும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஆணியைக் கழற்றித் தண்டில் கிரீஸ் ஏற்றாவிட்டால், சுருள் தண்டோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். அப்போது ஆணி முறிந்தும் பயனில்லை.

மற்றப் பராமரிப்பை விரைவாகக் கடக்கலாம். 5டபிள்யூ-30 எண்ணெய் பெரும்பாலான எஞ்சின்களுக்குக் குளிரில் ஏற்றது. கையேடு வேறு சொன்னால் கையேடே வெல்லும். இரு டயரிலும் காற்று ஒத்திருக்க வேண்டும், இல்லையேல் இயந்திரம் எந்நேரமும் ஒருபக்கம் சாயும். பெட்ரோல் ஒரு மாதத்தில் பழசாகத் தொடங்கும். ஏப்ரலில் எரிபொருள் நிலைப்படுத்தித் திரவத்தைக் கலந்து வைக்க வேண்டும், அல்லது கார்புரேட்டர் வரை வற்றவிட வேண்டும். டிசம்பரின் முதல் பனிப்புயல் காலையில் கயிற்றை நாற்பது முறை இழுத்துக் கியாரண்டி அட்டையைத் தேடும் உரிமையாளரின் துயரம் முந்தைய ஏப்ரலில் தொடங்கியது. வேலை முடிந்ததும் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் உள்ளிருக்கும் பனி வெளியேறும், சுருள் உறைந்துபோகாது.

எஞ்சியது எறியும் திசை. காற்று போகும் பக்கம் எறிவது பொறியியல். அயலவர் பக்கம் எறிவது போர். வீதிக்கு எறிவது சட்டச் சிக்கல்: உரிய அனுமதியின்றிச் சாலையில் பனியைக் கொட்டலாகாது என்கிறது ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு. எல்லாவற்றையும் முறைப்படி முடித்து உள்ளே போய்ச் சப்பாத்தைக் கழற்றும்போது, வீதியை உழுதுகொண்டு வரும் வண்டி டிரைவ்வேயின் வாயில் இடுப்பளவுக்கு ஒரு வரப்பைக் கட்டிவிட்டுப் போகும். அவ்வரப்புப் பனி நசுங்கி, உப்போடும் கட்டியோடும் கல்லாக இறுகியது. ஷியர் பின்கள் அதிகம் முறிவதும், குழல் அதிகம் அடைப்பதும், களைத்துப்போன வலது கை பொறுமை இழப்பதும் இவ்விடத்தில்தான். இதற்கு அவசரப்படாமல் மேலிருந்து அடுக்கடுக்காக, இயந்திர வாயின் பாதி அகலத்தை மட்டும் கொடுத்து நுழைய வேண்டும்.

1999 ஜனவரியில் டொராண்டோவில் பனி அளவு கடந்தபோது மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை அழைத்தார். நாட்டின் மற்றப் பகுதியெல்லாம் சிரித்தது, இன்னமும் சிரிக்கிறது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இராணுவம் வராது. ஆகவே வாசகர் இப்பக்கத்தை மூடியதும் ஒருமுறை கராஜுக்குப் போய், அந்தப் பிளாஸ்டிக் கோல் கிளிப்பில் இருக்கிறதா, மேசை இழுப்பறையில் இரண்டு ஷியர் பின் உண்டா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். கோல் இல்லையென்றால் பழைய விளக்குமாற்றுக் கட்டையும் செய்யும்.