மேலும் ஆய்வு தேவை

"வேகமாக வளரும் நகர்ப்புறங்களில் நீர்வள மேலாண்மை" என்று தலைப்பு வைத்து முனைவர் பட்டம் வாங்க நினைப்பவர்களுக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டியை விடத் தோதான ஊர் அமையாது. சேலத்தை ஒட்டினாற்போல, ஏற்காடு மலையின் காலடியில் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் இறங்கி வர மலை இருக்கிறது. அது இறங்கி வந்த ஓடைகளின் தடம் இருக்கிறது. தடத்தை மறித்து மனை போட்டு விற்கிறவர்களின் விளம்பரப் பலகை இருக்கிறது. பிரச்சினை, காரணம், விளைவு மூன்றும் ஒரே டவுன் பஸ் தடத்தில். காலையில் வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு ஹாஸ்டலுக்குப் போய்விடலாம்.

இந்த ஆய்வில் ஊர்க்காரர்களின் பங்கு வினாத்தாளோடு தொடங்கி வினாத்தாளோடு முடியும். அடிவாரத்துத் தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள், நீல டிரம். குழாயில் தண்ணீர் விட்டிருக்கிற நேரம். அந்த நேரம் பார்த்து ஆய்வு மாணவர் வருவார், கையில் பரீட்சை அட்டை, அதில் பதினொரு பக்கம்.

"குடிநீர் விநியோகத்தில் உங்கள் மனநிறைவு என்னங்க அக்கா? மிகவும் திருப்தி, திருப்தி, கருத்தில்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. ஒண்ணு சொல்லுங்க."

"எதைச் சொன்னா தம்பி தினமும் தண்ணி விடுவாங்க?"

"அது இந்த ஆய்வோட வரம்புல வராதுங்க."

"அப்ப நீயே ஒண்ணு போட்டுக்க. கொடம் ரொம்பப் போவுது, கொஞ்சம் தள்ளிக்க."

அந்த அக்கா அன்று மாலையே "பதிலளிப்பவர் 47" ஆகிவிடுவார். ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம், ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதி தூங்கும், துறையில் ஒரு பிரதி தூங்கும், கைடு வீட்டு அலமாரியில் ஒன்று சாய்ந்திருக்கும். 47-ஆம் எண்ணுக்குப் பிரதி கிடையாது. கொடுத்தாலும் அவருக்குப் புரியாத மொழியில் அவர் கஷ்டம் எழுதப்பட்டிருக்கும்.

உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. முதல் அத்தியாயம் கேப் டவுனில் தொடங்கும். 2018-இல் அங்கே குழாயை மூடும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அடுத்து 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போன கதை. சேலத்துக்கு வந்து சேர்வதற்குள் எண்பது பக்கம் ஓடியிருக்கும். பிறகு செயற்கைக்கோள் படம். 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் லேண்ட்சாட் கண்ணுக்கு ஏரி சுருங்குவது அச்சாகத் தெரிகிறது. யார் சுருக்கினார்கள் என்பது மட்டும் தெரியாது. அதற்கு அவ்வளவு உயரம் போக வேண்டியதில்லை. தாலுகா அலுவலகத்தில் புலப்படமும் 'அ' பதிவேடும் இருக்கின்றன. எந்தச் சர்வே எண் ஓடைப் புறம்போக்கு என்று அதில் எழுதியிருக்கும். அதன் மேல் கிடக்கும் மனைப்பிரிவுக்கு அனுமதி இருந்தால் கோப்பில் ஒரு கையெழுத்து இருக்கும். அனுமதி இல்லையென்றால் கண்டும் காணாத ஓர் அதிகாரி இருப்பார். அந்த அலுவலகப் படியை மட்டும் ஆய்வுகள் மிதிப்பதில்லை. "விரைவான நகரமயமாதலால் நீர்வழிகள் ஆக்கிரமிக்கப்பட்டன" என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு நகர்ந்துவிடும். நகரமயமாதலுக்கு ஆதார் கார்டு கிடையாது. அதன் மேல் புகார் கொடுக்க முடியாது. அதற்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை, கட்சியில் பொறுப்பும் இல்லை. குற்றவாளியாக நிறுத்த இதைவிட சாதுவான ஆள் கிடைப்பாரா?

நீர்வள மேலாண்மையில் சேலம் உலகத்துக்கே முன்மாதிரி என்பது என் தாழ்மையான கருத்து. 1911-இல் நகரத்தின் குடிநீருக்கென்றே பனமரத்துப்பட்டி ஏரியைக் கட்டினார்கள். 1934-இல் மேட்டூர் அணை வந்தது, பின்னால் அங்கிருந்து குழாயும் வந்தது. பக்கத்து ஏரியை மறந்தோம். அதில் சீமைக்கருவேலம் செழித்தது. காவிரித் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்து குடித்து, குளித்து, துவைத்து, சாயம் போட்டு, மிச்சத்தைத் திருமணிமுத்தாற்றில் விடுகிறோம். சேர்வராயன் மலையில் சுத்தமாகப் பிறக்கிற அந்த ஆறு நகரத்துக்குள் நுழைந்து கறுத்து, நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கம் காவிரியில் கலக்கிறது. எங்கே எடுத்தோமோ அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், என்ன, கொஞ்சம் நிறம் சேர்த்து. "சுழற்சிப் பொருளாதாரம்" என்று கருத்தரங்குகளில் மூச்சு முட்டப் பேசுகிறார்களே, அது இதுதான். கீழே அந்தத் தண்ணீரைப் பாய்ச்சும் விவசாயிகளுக்கு வினாத்தாள் கொடுத்தால் "மிகவும் அதிருப்தி" என்ற கட்டம் போதாது.

சிரிப்பு போதும். கோபப்பட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தச் சமவெளியில் ஆண்டுக்குச் சுமார் 950 மில்லிமீட்டர் மழை. 1,200 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். பெரிய தண்ணீர் லாரியில் எட்டு ஒன்பது லோடு. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடுகிற பெருக்கல். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். புது வீடுகளில் குழாய் இறங்கியிருக்கும், குழி இருக்காது. குழாய் தெருச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே 2003-இல் நிலத்தடி நீரைக் காக்கத் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. பத்து ஆண்டுகள் அதை நடைமுறைக்கே கொண்டுவரவில்லை. 2013-இல் ரத்து செய்தார்கள். பிறந்த நாளிலிருந்து கண் திறக்காத குழந்தைக்கு இறப்புச் சான்றிதழ் மட்டும் முறைப்படி கொடுத்தார்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டம் உண்டு, அது உயிரோடுதான் இருக்கிறது. இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு "கொள்கை இடைவெளி கண்டறியப்பட்டுள்ளது" என்று கடைசி அத்தியாயத்தில் எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இடைவெளி எங்கேயப்பா இருக்கிறது? போர் குழாய்க்கும் தண்ணீருக்கும் நடுவில்தான் இருக்கிறது.

மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் வராது, கைடு வீட்டு வேலைக்கு மட்டும் உடனே ஆள் வேண்டும். ஆக்கிரமித்தவர் பெயரை எழுதினால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்க மாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்? துறைகளுக்கு வேண்டியது, தரம் பார்க்க வரும் நேக் குழுவுக்குக் காட்டக் கருத்தரங்கு எண்ணிக்கை. மேடையில் பொன்னாடை, நினைவுப் பரிசு, ஆளுக்கொரு அரை லிட்டர் பாட்டில் தண்ணீர். பாதி குடித்துவிட்டு "ஒவ்வொரு சொட்டும் பொக்கிஷம்" என்று பேசிவிட்டு இறங்குவார்கள். அரசாங்கத்துக்கும் இது வசதி. குடத்தோடு மறியலுக்கு வந்தவர்களிடம் "பல்கலைக்கழக ஆய்வு நடக்கிறது, அறிக்கை வரட்டும்" என்று சொல்லி அனுப்பலாம். அறிக்கையின் கடைசி வரி எப்போதும் தயார்: மேலும் ஆய்வு தேவை.

2010-இல் பக்கத்துக் கன்னங்குறிச்சியில் மூக்கனேரியைத் தூர்வார, சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மனுஷும் அவரோடு சேர்ந்த சேலத்துக்காரர்களும் இறங்கினார்கள். ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி. பொதுமக்கள் கொடுத்த பணத்தில் வேலை நடந்தது. தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். பறவைகள் வந்தன. மேலும் ஆய்வு தேவை என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்த ஏரிக்கும் தண்ணீர் வருவது ஏற்காடு மலைச் சரிவு ஓடைகளில்தான். வரும் வழியை மனையாக்கிவிட்டால் தூர்வாரிய ஏரியும் வெறும் பள்ளம். எந்த ஓடை, எந்தச் சர்வே எண்ணில் அடைபட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுவதுதான் ஆய்வு. அதற்கு டாக்டர் பட்டம் மட்டுமல்ல, என் கையால் மாலையும் போடுகிறேன்.

ஆகவே துறைத் தலைவர்களே, ஒரு வேண்டுகோள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். உங்கள் அரங்கில் பேனர் கட்டுகிற அதே நாளில் ஊராட்சிகளில் கிராம சபையும் கூட வேண்டும். 2022-இல் அரசு அப்படித்தான் அறிவித்தது. வளர்ச்சி என்று சொல்லி மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் கிராம சபையும் போய்விடும், அதற்குள் வாருங்கள். ஆய்வேட்டில் பத்தே பக்கத்தைத் தமிழில் எழுதி, சர்வே எண்களோடு எடுத்துவந்து, உங்கள் வைவாவைக் கொண்டப்பநாயக்கன்பட்டி மக்கள் முன்னால் நடத்துங்கள். 47-ஆம் எண் அக்கா கேள்வி கேட்பார். அவர் திருப்தி என்று சொன்னால் பட்டம் கொடுங்கள்.