மரக்கறியைக் குடித்தல்: ரொறன்ரோத் தமிழரிடையே சூப் பற்றிய ஓர் ஆய்வு

மனிதன் மரக்கறி சாப்பிட வேண்டும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. பழமும் மரக்கறியுமாக நாளொன்றுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எப்படிச் சாப்பிட வைப்பது என்ற இடம் வந்ததும் எல்லோரும் வாய் மூடிக்கொள்கிறார்கள். ஸ்காபரோத் தாய்மார் மட்டும் மூடவில்லை. மிக்சியின் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம் என்க.

முன்னோர் ஆய்வுகளில் தலையாயது கனடா உணவு வழிகாட்டி. 2007 இல் வந்த பதிப்பு தமிழிலும் கிடைத்தது. வயது 19 முதல் 50 வரையான ஆணுக்கு நாளுக்கு 8 முதல் 10 பங்கு காய்கனி, பெண்ணுக்கு 7 முதல் 8 என்று அது விதித்தது. ஒரு பங்கு எவ்வளவு எனின், சமைத்த மரக்கறியில் 125 மில்லிலீற்றர். இவ்விடத்தில் ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்து மூச்சு வாங்க வேண்டும். கத்தரிக்காயை மில்லிலீற்றரில் அளக்கும் அரசு, கத்தரிக்காய் ஒரு திரவம் என்று ஒப்புக்கொண்டுவிட்டது அல்லவா? எட்டுப் பங்கைக் கூட்டினால் அச்சொட்டாக ஒரு லீற்றர். பாலைப் பையில் விற்கும் ஒன்ராறியோவில் மரக்கறியையும் பையில் ஊற்றி விற்றிருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திராது.

2019 ஜனவரியில் புதிய வழிகாட்டி வந்தது. பங்கு போயிற்று, மில்லிலீற்றரும் போயிற்று. ஒரு தட்டின் படம் வந்தது. பாதி காய்கனி, கால் புரதம், கால் முழுத்தானியம். தமிழ் வீட்டுக்கு இது இரண்டு வகையில் பொருந்தாது. முதலாவது, நம் தட்டில் சோறு கால் பங்குக்குள் நிற்கச் சம்மதிக்காது. நடுவில் உட்கார்ந்துகொண்டு மற்றவற்றை விளிம்புக்குத் தள்ளும். இரண்டாவது, தட்டுக்குப் பாதி உண்டு, கோப்பைக்குப் பாதி ஏது? சூப் கோடு கிழித்த இடத்தில் நிற்காது. இந்த இரண்டாவது தடையை வழிகாட்டியின் ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி, சூப் எது என்று வரையறுக்க வேண்டும். சொதி சூப்பா? தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சைமிளகாய், இரண்டு துண்டு தக்காளி. அந்த இரண்டு துண்டும் அப்பாவின் தட்டுக்கே போகும். விலக்கப்பட்டது. ரசத்தில் மரக்கறி வந்துபோன தடயம் மட்டுமே உண்டு. அதுவும் விலக்கப்பட்டது. சாம்பார் தகுதி உடையதே. ஆயினும் சோற்றோடு சேர்ந்து தன் அடையாளத்தை இழப்பதால் தனி ஆய்வுக்கு உரியது. இலைக்கஞ்சி மிக நெருங்கி வருகிறது. வல்லாரையையும் முசுட்டையையும் முருங்கையிலையையும் இடித்துச் சாறெடுத்துக் குடித்தவர்களுக்கு, ரொறன்ரோ நடுநகரில் பச்சைச்சாறு விற்கும் கடைகளைப் பார்த்தால் சிரிப்பு வருவது இயற்கை.

பெருந்தடை வேறு. யாழ்ப்பாணத்தில் சூப் என்றால் வருத்தம். காய்ச்சல் கண்டு எழும்பியவருக்கும், ஆஸ்பத்திரியால் வந்தவருக்கும் எலும்புச் சூப் வைப்பார்கள். சூப் மணம் வேலி தாண்டினால், “ஆருக்கு என்ன?” என்று அயலட்டை கேட்கும். அந்த ஊரில் வளர்ந்த அம்மம்மாவின் முன் பூசணிச் சூப்பை வைத்தால், “எனக்கு ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை, சோத்தைப் போடு” என்பதுதான் விடை. இத்தலைமுறையைச் சூப்புக்குத் திருப்பும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பேரப்பிள்ளைகளின் நிலை மறுதலை. கரட்டைக் கண்ணால் கண்டால் ஒதுக்குவார்கள். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், தட்டு விளிம்பில், அது வரிசையாக அடுக்கப்படும். அதே கரட்டைப் பூசணி, லீக்ஸ், மைசூர்ப் பருப்பு, ஒரு துண்டு இஞ்சியோடு அவித்து அடித்துக் கொடுத்தால் மறுபேச்சின்றிக் குடிப்பார்கள். “அம்மா, இதுக்குள்ள என்ன?” என்றால், “சூப்” என்பதே பதில். நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய உண்மை அது.

அறிவியலும் தாய்மார் பக்கம்தான் நிற்கிறது. மரக்கறியை அவித்து நீரைத் தொட்டியில் ஊற்றினால் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் அந்த நீரோடு போகும். சூப்பில் நீரையும் சேர்த்துக் குடித்துவிடுகிறோம். சூட்டில் அழிவது மட்டுமே நட்டம். கரட்டிலும் பூசணியிலும் உள்ள கரோட்டின் வெந்து, கொஞ்சம் கொழுப்பும் கூடினால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். கடைசியில் ஊற்றும் ஒரு கரண்டி தேங்காய்ப்பாலுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பேணிச் சூப்பைப் பற்றிச் சுருக்கமாக. எற்றோபிக்கோவில் 1931 முதல் சூப் காய்ச்சிய கம்பெல் தொழிற்சாலையை மூடப்போவதாக 2018 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்தக் கம்பனியின் பழைய பட்டியலில் நம் மிளகுத்தண்ணியும் இருந்தது என்பது வரலாற்றுப் பெருமை. ஆனால் பேணியில் மரக்கறியைத் தேட வேண்டும், உப்பைத் தேட வேண்டியதில்லை. வளர்ந்தவருக்கு நாளுக்கு 1500 மில்லிகிராம் சோடியம் போதும், 2300க்கு மேல் போகக்கூடாது என்கிறது கனடிய சுகாதாரத் துறை. 2026 முதல் உப்பு மிகுந்த பொதிகளின் முகத்தில் பூதக்கண்ணாடிச் சின்னம் போடவும் விதித்திருக்கிறது.

எஞ்சியிருப்பது ஒடியல் கூழ். மீன், நண்டு, இறால். பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை. ஒரு பிடி அரிசி. புளி, செத்தல் மிளகாய். ஒடியல் மாவை ஊறவிட்டு, கசப்புப் போக மேல்நீரை வடித்து, கடைசியில் கரைத்து ஊற்றுவார்கள். 2019 இன் தட்டு முழுவதும் ஒரே பானைக்குள் இறங்கிவிட்டதைக் காண்க. மரவள்ளியை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்பதில் மட்டும் வாதம் உண்டு. நண்டுக்கால் தேடும் அகப்பையில் பயற்றங்காயும் கூடவே ஏறிவருவதால், யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. குறை ஒன்றுதான்: கூழை இரண்டு பேருக்குக் காய்ச்ச முடியாது. பெரிய பானை, கராஜில் காஸ் அடுப்பு, பத்திருபது ஆட்கள், அதற்கேற்ற கோடை எல்லாம் கூடிவர வேண்டும். பலாவிலைக்குப் பதில் கடதாசிக் கோப்பை என்ற சமரசத்தை மட்டும் ஆய்வு அனுமதிக்கிறது.

ஆகவே தீர்ப்பு இது: பனிக்காலத்துக்கு மிக்சிச் சூப், கோடைக்குக் கூழ். சூப்பை வடிகட்டாதீர்கள், நார்ச்சத்தெல்லாம் சக்கையோடு குப்பைக்குப் போய்விடும். வடிக்க அனுமதி ஒடியல் மாவுக்கு மட்டுமே. கூழ் காய்ச்சும் வீட்டார் ஒருநாள் முன்னதாக ஆய்வாளருக்கு அறிவித்தால், கள ஆய்வுக்குச் சொந்தக் கோப்பையோடு வர ஆயத்தமாக இருக்கிறோம்.